பக்கத்து வீட்டு வைஃபையைப் பற்றி யாரிடம் புகார் செய்வது?

வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஜூரோங், துவாஸ் பக்கம் கிடங்குகளுக்கு வைஃபை போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. அந்தத் தைரியத்தில்தான் இந்தப் பக்கம். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே புலம்பல்தான்: “லைன் வேகமாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் வருவதில்லை.”

*

கேள்வி: பொங்கோலில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. ஒரு ஜிகாபிட் திட்டத்துக்குக் காசு கட்டுகிறோம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் படுக்கையறையில் சீரியல் போட்டால் வட்டம்தான் சுற்றுகிறது. மகன் ஏதோ ஒரு செயலியில் பார்த்துவிட்டு, “சேனல் 1, 6, 11-ல்தான் கூட்டம், 3 காலி” என்று ரவுட்டரை 3-க்கு மாற்றினான். முன்பைவிட மோசமாகிவிட்டது. மேல்வீட்டுக்காரர் வைஃபை எங்கள் வீட்டில் எங்களுடையதைப் போலவே பலமாகக் காட்டுகிறது. நகர மன்றத்தில் புகார் செய்யலாமா?
– இல்லத்தரசி, பொங்கோல்

பதில்: புகார் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வைஃபை ஓடும் அலைவரிசைகளுக்கு வீட்டில் யாரும் உரிமம் வாங்குவதில்லை. உரிமம் இல்லாததால் பாதுகாப்பும் இல்லை. இன்னொருவர் கருவியால் நம் கருவிக்கு இடைஞ்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. நகர மன்றம் தாழ்வார விளக்கை மாற்றித் தரும், காற்றைப் பிரித்துத் தராது. மேல்வீட்டுக்காரரும் உங்களைப் பற்றி இதே கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மகன் செய்தது பலரும் செய்வது. செயலியில் பார்த்தால் 3 காலியாகத்தான் தெரியும். ஆனால் வைஃபை ஓடும் பட்டைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில், சேனல் எனப்படும் பாதைகளின் எண்கள் ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கின்றன. ஒரு வைஃபை சிக்னலின் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1 என்பது 2402 முதல் 2422 வரை. சேனல் 6 என்பது 2427 முதல் 2447 வரை. உங்கள் 3 பிடிப்பது 2412 முதல் 2432 வரை. அதாவது 1-ன் மேல் பாதியில் ஒரு காலும், 6-ன் கீழ்க் கால்வாசியில் இன்னொரு காலும் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். காலியான இடம் அல்ல அது. இரண்டு கூட்டத்துக்கும் நடுவே.

கூட்டத்தோடு கூட்டமாக 1-லேயே இருந்திருந்தால் இவ்வளவு மோசம் இல்லை என்று நான் சொன்னால் பலர் நம்புவதில்லை. காரணம் இதுதான். வைஃபை கருவி எதுவும் பேசுவதற்குமுன் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் ஒரு கணம் பொறுத்து, 0 முதல் 15 வரை ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். 9 மைக்ரோ நொடிக்கு ஒன்றாக அதைக் கீழே எண்ணி, பூஜ்யம் வந்ததும் அனுப்பும். எண்ணும்போது வேறு யாராவது ஆரம்பித்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, அவர் முடித்தபின் விட்ட இடத்திலிருந்து எண்ணும். அனுப்பியதற்கு “கிடைத்தது” என்று பதில் வராவிட்டால் மோதல் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை 31 வரை, அதற்கடுத்து 63 வரை என்று 1023 வரைக்கும் குலுக்கலைப் பெரிதாக்கிக்கொண்டே போகும். ராத்திரி எட்டு மணிக்கு புளோக் முழுக்க வீடு திரும்பியபின் உங்கள் வட்டம் சுற்றுவதற்குப் பின்னால் நடப்பது இந்தக் குலுக்கல்தான்.

ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேச்சின் தொடக்கத்தை இன்னொருவர் படிக்க முடியும். அந்தத் தொடக்கத்திலேயே பேச்சு எவ்வளவு நேரம் என்றும் எழுதியிருக்கும். அதனால் அவ்வளவு நேரம் சரியாக வாயை மூடிக்கொள்ளலாம். மிக மெல்லிய சிக்னலுக்குக்கூட இந்த மரியாதை உண்டு. கணக்கில் சொன்னால் -82 டெசிபெல் மில்லிவாட் வரை (கழித்தல் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெல்லியது). பாதி மட்டும் மேலே படிகிற சேனலில் இருப்பவரை உங்கள் ரவுட்டரால் படிக்க முடியாது, வெறும் இரைச்சலாகத்தான் தெரியும். இரைச்சலுக்கு மரியாதை -62-ல்தான் தொடங்குகிறது. நூறு மடங்கு வித்தியாசம். அந்த இடைவெளிக்குள் வருகிற பேச்சையெல்லாம் உங்கள் ரவுட்டர் காலி என்று நினைத்து அதன் மேலேயே பேசும். நீங்கள் அனுப்பும் தகவல் துண்டும் (பாக்கெட்) கெடும், அவர்களுடையதும் கெடும், இருவரும் மறுபடி அனுப்புவீர்கள்.

ஆகவே ஒன்றின்மேல் ஒன்று படியாத 1, 6, 11 இவற்றில் ஒன்று. எது என்பதற்குச் செயலியில் பெயர்களை எண்ணுவது போதாது. யார் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பது அதில் தெரியாது. பலமாகத் தெரிந்தும் சும்மா கிடக்கிற ரவுட்டர் தொந்தரவே இல்லை. மெல்லிசாகத் தெரிந்து ராத்திரி முழுக்கப் படம் இறக்குகிறவர்தான் தொந்தரவு. மூன்றையும் வெவ்வேறு ராத்திரிகளில் எட்டரை மணிக்குப் போட்டுப் பாருங்கள், அதுவே நல்ல சோதனை. 2.4-ல் சேனல் அகலம் 40 என்று இருந்தால் கட்டாயம் 20 ஆக்குங்கள். புளோக்கில் வாழ்கிறவர் 2.4-ல் 40 வைப்பது தாழ்வாரம் முழுக்கத் தன் செருப்பு ரேக்கைப் பரப்பி வைப்பது மாதிரி.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு வைஃபை பெயரும் நொடிக்குச் சுமார் பத்துத் தடவை “நான் இங்கே இருக்கிறேன்” என்று அறிவித்துக்கொண்டே இருக்கும். பழைய கருவிகளுக்கும் புரியட்டும் என்று மிக மெதுவான வேகத்தில், நொடிக்கு 1 மெகாபிட்டில், அறிவிக்கும் ரவுட்டர்கள் இன்னும் ஏராளம். 250 பைட் அறிவிப்பு ஒன்றுக்கு அந்த வேகத்தில் 2 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். அப்படியானால் ஒரு பெயருக்குக் காற்றில் சுமார் 2 விழுக்காடு. இருபது பெயர்கள் உங்கள் சேனலில் கேட்கின்றன என்றால், ஒருவரும் ஒரு படமும் பார்க்காமலே பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்று போய்விட்டது. ‘விருந்தினர்’ பெயர் ஒன்று உங்கள் ரவுட்டரில் சும்மா ஓடினால் அணைத்துவிடுங்கள். ‘802.11பி’ என்ற பழைய முறையை நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

இத்தனையும் சொன்னபின், உண்மையான மருந்து வேறு. டிவிக்கு ஒரு லேன் கேபிள் போடுங்கள். நகராத சாமான் எதற்கும் காற்று தேவையில்லை. ஃபோன், மடிக்கணினி எல்லாம் வைஃபையின் இன்னொரு பட்டையான 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும். 2.4-ஐ துணி துவைக்கும் மெஷின், விளக்கு, கதவு மணி ஆகியவற்றுக்கு விட்டுவிடுங்கள். 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பாம் ஷெல்டர் (வெடிகுண்டுப் புகலறை) இருக்கும். சுவர் கம்பி கட்டிய கனமான கான்கிரீட், கதவு இரும்பு. ரவுட்டரை ஃபைபர் பெட்டியோடு அதற்குள்ளே வைத்து மூடிவிட்டு வேகம் இல்லை என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி இருந்தால் முதல் வேலை அதை வெளியே எடுப்பது.

மேல்வீட்டுக்காரரைப் பார்க்கப் போவதானால் கோபமாகப் போகாதீர்கள். அவர் ரவுட்டரும் 20 அகலத்தில் 1, 6, 11-ல் ஒன்றில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இருவருக்கும் லாபம்.

*

கேள்வி: ரவுட்டரின் சக்தியைக் கூட்டினால் பக்கத்து வீட்டை அமுக்கிவிடலாம் அல்லவா?
– பெயர் வேண்டாம், செங்காங்

பதில்: பெயர் வேண்டாம் என்றதிலேயே தெரிகிறது, தம்பி. ரவுட்டர் கத்தலாம், உங்கள் ஃபோன் கத்தாது. அதன் பேட்டரி அவ்வளவுதான். ரவுட்டர் சொல்வது ஃபோனுக்குக் கேட்கும், ஃபோன் சொல்லும் பதில் ரவுட்டருக்குக் கேட்காது. ஃபோனில் சிக்னல் கோடுகள் முழுக்க நிறைந்தும் ஒன்றும் நகராமல் நிற்கும் நிலை அப்படித்தான் வருகிறது. கூடவே, முன்பு உங்களைக் கேட்காத நாலு வீடுகள் இப்போது உங்களைக் கேட்டுக் காத்திருக்கும். அவர்களும் ஆத்திரத்தில் சக்தியைக் கூட்டுவார்கள். குறைப்பதுதான் பலன் தரும்: 2.4-ஐ நடுத்தரத்துக்கு இறக்கிப் பாருங்கள், ஃபோன்கள் தானாக 5-க்கு நகரும்.

*

கேள்வி: வைஃபை கருவிகள் காத்திருந்து பேசும் இந்த வரிசை முறையை முதலில் யார் கண்டுபிடித்தது? எல்லாருக்கும் மேலே ஒரு கம்ப்யூட்டர் இருந்து முறை பிரித்துக் கொடுத்தால் சுலபம்தானே?
– உயர்நிலை மூன்று மாணவர், ஈசூன்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஹவாய்த் தீவுகளில் 1971-ல் தொடங்கியது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியர் குழு, வேறு வேறு தீவுகளில் இருந்த முனையங்களை ரேடியோ மூலம் ஒரே கம்ப்யூட்டரோடு இணைத்தது. பெயர் அலோஹாநெட். முறை மிக எளிது: சொல்ல வேண்டியது இருந்தால் உடனே சொல்லிவிடு. பதில் வராவிட்டால் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி சொல்.

இதில் காற்றின் நேரத்தில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கில் நிறுவலாம். ஒரு செய்தி கெடாமல் போக, அது ஓடும் நேரத்தில் மட்டும் அல்ல, அதற்கு முன்னால் அதே அளவு நேரத்திலும் யாரும் தொடங்கியிருக்கக் கூடாது. எல்லாரும் ஒரே கடிகாரத் தாளத்தில் மட்டும் தொடங்கலாம் என்று வைத்தால் அந்த ஆபத்து பாதியாகும், பயன் 37 விழுக்காட்டுக்கு ஏறும். பேசுமுன் கேள் என்பது அதற்கு அடுத்த படி. கேபிளில் என்றால் பேசிக்கொண்டே கேட்டு, மோதியதும் நிறுத்திவிடலாம். ரேடியோவில் அது நடக்காது. தன் சிக்னலே தன் காதை அடைத்துவிடும். அதனால்தான் வைஃபை மோதலைக் கண்டுபிடிக்க முயலாமல் தவிர்க்கப் பார்க்கிறது, ஒவ்வொன்றுக்கும் பதில் கேட்கிறது.

மேலே ஒரு ஆள் இருந்து பிரித்துக் கொடுக்கும் உன் யோசனை கைப்பேசிக் கோபுரங்களில் ஓடுகிறது. அவர்களுக்கு அலைவரிசை சொந்தம், அதனால் முடிகிறது. உன் புளோக்கில் யார் ரவுட்டர் யாருக்கு உத்தரவு போடுவது? வைஃபை 6 வந்தபின் ஒரு வீட்டுக்குள் மட்டும் இது வந்திருக்கிறது: ரவுட்டர் சேனலைத் துண்டு துண்டாக வெட்டி ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குக் கொடுக்கும்.

*

கேள்வி: சமையல் செய்யும்போது ஃபோனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு புளூடூத் இயர்ஃபோனில் ஒலி 96.8 வானொலி கேட்பேன். மைக்ரோவேவ் ஓடினால் பாட்டு விட்டு விட்டு வருகிறது. கதிர் வெளியே கசிகிறதா? பயமாக இருக்கிறது.
– பாட்டி ஒருவர், பிடோக்

பதில்: பயப்பட வேண்டாம், அம்மா. கொஞ்சம் கசிவது உண்மைதான், எல்லா மைக்ரோவேவிலும் கசியும். அடுப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட் என்பது பாதுகாப்பு வரம்பு. தள்ளி நின்றால் வேகமாகக் குறைந்துவிடும். ஆனால் உள்ளே 800 வாட் ஓடுகிறது, உங்கள் இயர்ஃபோன் பேசுவதோ சில மில்லிவாட்டில். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில்தான். உங்களைச் சுடாத அந்தத் துளிக் கசிவு பாட்டைக் கெடுக்கப் போதும்.

புளூடூத் ஒரே இடத்தில் நிற்காது. பட்டையை 79 துண்டாக்கி நொடிக்கு 1600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். 2003-க்குப் பிறகு வந்தவை இரைச்சலான துண்டுகளைக் குறித்துவைத்துத் தவிர்க்கவும் செய்யும். மைக்ரோவேவின் இரைச்சல் அகலமாகப் பரவி நகர்ந்துகொண்டே இருப்பதால் தாவ இடம் குறைகிறது. அதற்குமேல், ஃபோனுக்கும் காதுக்கும் நடுவே உங்கள் உடம்பு இருக்கிறது. உடம்பில் தண்ணீர் அதிகம், தண்ணீர் இந்த அலையை நன்றாக உறிஞ்சும். ஃபோனை மேசையில் வைக்காமல் சட்டைப்பையிலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ளுங்கள், பாதித் தொல்லை போகும். அல்லது சின்ன எஃப்எம் ரேடியோ ஒன்றைச் சமையலறையில் வையுங்கள். 96.8 மெகாஹெர்ட்ஸ் எங்கே, 2450 எங்கே! மைக்ரோவேவால் அதைத் தொடவே முடியாது.

*

கேள்வி: சமூக மன்றத்தில் எங்கள் இந்தியர் நற்பணிச் செயற்குழு பட்டிமன்றம் நடத்தியது. ஒத்திகையில் மைக் எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தோம், சரியாக இருந்தது. நிகழ்ச்சியில் நடுவர் மைக் மட்டும் கரகர என்று இரைந்தது. வேறு மைக் கொடுத்தும் அதே கதை. பேச்சாளர்களைவிட மைக்தான் அதிகம் வாதாடியது!
– செயற்குழு உறுப்பினர், புக்கிட் பாத்தோக்

பதில்: ‘ஒவ்வொன்றாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம். வயர்லெஸ் மைக்கை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எதுவும் தெரியாது. இரண்டு மைக் ஒன்றாக ஓடும்போது, யாரும் அனுப்பாத மூன்றாவது சிக்னல் ஒன்று பிறக்கும். கணக்கு: முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். விளங்குவதற்காக மட்டும் சொல்கிறேன்: ஓர் அணி 510.0 மெகாஹெர்ட்ஸ், இன்னோர் அணி 510.5, நடுவர் 511.0 என்று வைத்துக்கொள்வோம். 510.5-ஐ இரட்டித்து 510.0-ஐக் கழித்தால் 511.0. நடுவர் தலைமேலேயே இறங்குகிறது. கையிலிருக்கும் மைக்கை மாற்றி அதே அலைவரிசையில் ஓட்டினால் அதே இரைச்சல்தான் வரும். அழகுக்காகச் சம இடைவெளி விட்டு அலைவரிசை வைக்கிறவர்கள் எல்லாருக்கும் இது நடக்கும். 510.0, 510.4, 511.3 என்று ஏறுக்குமாறாக வைத்தால் எந்தக் கூட்டலும் கழித்தலும் மூன்றில் ஒன்றின் மேல் விழாது.

நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒரே தயாரிப்பு வரிசையைச் சேர்ந்த ரிசீவர்களில் ‘குரூப்’, ‘சேனல்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு குரூப்புக்குள் இருக்கும் சேனல்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பிரித்தவை. எல்லா மைக்கும் ஒரே குரூப், வேறு வேறு சேனல். சமூக மன்ற மைக் இரண்டு, வாடகைக்கு எடுத்தது இரண்டு என்று கலக்கும்போதுதான் இது உடையும்.

சோதனை இப்படி: எல்லா மைக்கையும் போடுங்கள். ஒன்றை மட்டும் அணையுங்கள். அணைத்த மைக்கின் ரிசீவரில், ரேடியோ சிக்னல் வருவதைக் காட்டும் ‘ஆர்எஃப்’ விளக்கு எரிகிறதா? எரிந்தால் அங்கே வேறு எதுவோ உட்கார்ந்திருக்கிறது, அந்தச் சேனலை மாற்றுங்கள். அடுத்த மைக்குக்குப் போங்கள். பேசாத அணி மைக்கைப் பக்கத்தில் பக்கத்தில் மேசைமேல் கிடத்துவதும் ஆகாது. இரண்டு மைக் எவ்வளவு நெருக்கமோ அந்த மூன்றாவது சிக்னல் அவ்வளவு பலம். மைக் பழையதாக 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓடினால் ஓய்வு கொடுத்துவிடுங்கள். 2019 தொடக்கத்தில் இங்கே அனலாக் தொலைக்காட்சி நின்றபின் அந்த இடம் கைப்பேசி நிறுவனங்களுடையது.

மலிவான 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் வாங்கும் யோசனை யாருக்காவது இருந்தால், காலி மண்டபத்தில் அது அருமையாக வேலை செய்யும். சனம் வந்து உட்கார்ந்து, ஒவ்வொருவர் பையிலும் ஒரு ஃபோன் வைஃபை தேட ஆரம்பித்தபின்தான் அதன் குணம் தெரியும்.

*

கேள்வி: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சில சமயம் திடீரென்று காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்து வருகிறது. ரவுட்டர் பழுதா? 6 கிகாஹெர்ட்ஸ் வாங்கிவிடலாமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: ரேடாராக இருக்கலாம். 5-ல் நடுவிலுள்ள சேனல்கள், 52 முதல் 144 வரை, ரேடாருடன் பகிர்ந்துகொள்பவை. ரேடார் துடிப்பு என்று தோன்றினால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அதே வகைச் சேனல் இன்னொன்றுக்குப் போனால் 60 நொடி சும்மா இருந்து கேட்ட பிறகே பேசலாம். உங்கள் ‘ஒரு நிமிடம்’ அதுதான் என்று தோன்றுகிறது. சேனலை 36 அல்லது 149 என்று நிலையாக வைத்துப் பாருங்கள். 6 கிகாஹெர்ட்ஸில் இங்கே வைஃபைக்கு அனுமதி 5925 முதல் 6425 வரை. இப்போதைக்குக் கூட்டமும் குறைவு. ஆனால் சுவர் தாண்டுவதில் மூன்றிலும் அதுதான் நோஞ்சான். ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்றால் வாங்குங்கள்.

*

கேள்வி: மடிக்கணினியில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறது. வைரஸா?
– கணக்காளர், தோ பாயோ

பதில்: வைரஸ் இல்லை. யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும்; இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை எழுதி வெளியிட்டது. மவுஸின் குட்டி ரிசீவரை டிஸ்க் செருகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். இடமில்லை என்றால் ஒரு முழம் நீளத்தில் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வையுங்கள். டிஸ்க்கோடு வந்த கேபிள் தேய்ந்து உள்ளே உலோக வலை தெரிந்தால் அதையும் மாற்றுங்கள், அங்கிருந்தும் இரைச்சல் கசியலாம்.